வடக்கு வாசல் அரண்மனைக்குப் போன நாள்

முன்னொரு காலத்தில், தன் கோட்டைக் கதவையே பார்க்கப் பயந்த ராஜா ஒருவர் இருந்தார்.

அந்தக் கோட்டைக்கு நான்கு வாசல்கள். கிழக்கே பொதி வண்டிகள் வரும். தெற்கே தயிர்க்காரிகள் வருவார்கள். மேற்கே போனால் ஆறு. வடக்கு வாசல் மட்டும் சண்டைக்கு. படை அந்த வழியாகத்தான் புறப்படும். அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பும் படைக்கு ராஜாவே தன் கையால் தாழ் நீக்கிக் கதவைத் திறந்துவிட வேண்டும். வடக்கே போனவன் வேறு வாசலில் நுழைந்தால், களத்திலிருந்து ஓடி வந்தவன் என்று அர்த்தம். கட்டினவள் சோறு போட மாட்டாள். பங்காளி பந்தியில் இடம் விட மாட்டான். செத்தவனைத் தூக்கி வந்தாலும் வடக்கு வாசலில் நுழைந்த பிறகுதான் சங்கு, மாலை, மயானம் எல்லாம்.

அந்த வாசலைத்தான் தனஞ்செய மகாராஜா இழுத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகன் கார்வண்ணன், பதினெட்டு வயது, வடக்கு எல்லைச் சண்டைக்குப் போனான். வரவில்லை. சண்டை முடிந்த மூன்றாம் நாள் தளவாய் இரணசிங்கம் இருபது குதிரைகளோடு கிழக்கு வாசலில் புழுதி பறக்க வந்து இறங்கினார்.

"செய்தி சொல்ல ஓடி வந்தேன், மகாராஜா! இளவரசர் விழுந்துவிட்டார். கூட இருந்த காலாட்கள் அவரைத் தனியே விட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள்!"

செய்தி கொண்டு வருபவனுக்கு மட்டும் வாசல் வழக்கம் கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகாராஜா அன்று இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று: இளவரசன் பெயரை என் காதுபட எவன் சொன்னாலும் அவன் நாக்கு இருக்காது. இரண்டு: ஓடிப்போன அந்தக் காலாட்கள் திரும்பி வந்தால் வடக்கு வாசல் திறக்கக் கூடாது. என் மகன் முன்னால் வராமல் ஒருவனும் உள்ளே வரக் கூடாது.

ஐந்து நாள் கழித்து அவர்கள் நடந்து வந்தார்கள். நாற்பத்தொரு பேர். காயமில்லாதவன் ஒருவனும் இல்லை. கதவு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் அரக்கு. அரக்கின் மேல் தளவாயின் முத்திரை.

வேறு வாசலுக்குப் போகலாமே? போகவில்லை. ஓடி வந்தவன் என்ற பெயரைத் தாங்களே தலையில் எடுத்துக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவன் பெயர் மருதன். அரசவை விகடகவி சடையாண்டியின் மகன்.

* * *

அவர்கள் வந்து உட்கார்ந்த எட்டாம் நாள் பகலில் சடையாண்டி வடக்கு வாசலடியில் குப்புறப் படுத்திருந்தான். இத்தனை நாள் விரட்டிய காவலன் அன்றுதான் கண்டும் காணாமல் இருந்தான். கதவுக்கும் கல்தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் ஒரு கன்னம் தெரிந்தது.

"கால் எப்படிடா இருக்கு?"

"அது என்கூடப் பேசறதில்லைப்பா. மூணு நாளா கோவம்."

"சோத்து உருண்டைக்குள்ள பச்சிலை வச்சு அனுப்பினேனே, கட்டுனியா?"

"கட்டினேன். பாதியைப் பக்கத்துல இருந்தவன் கீரைன்னு தின்னுட்டான். அவனுக்கு இப்ப வயிறு மட்டும் நல்லா ஆறிடுச்சு."

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவிடுக்கில் வந்த காற்றில் ஒரு வாடை இருந்தது. அழுகல் வாடை. மதில் மேலிருந்து கயிற்றில் சோற்றுப் பானை இறக்க மகாராஜா அனுமதித்திருந்தார். 'பட்டினியில் சாக வேண்டாம், அவமானத்தில் சாகட்டும்' என்று. வைத்தியர் மதில் பக்கம் தலை காட்டக் கூடாது என்பது தளவாயின் சொந்தக் கட்டளை.

"அப்பா, நாங்க இளவரசரை விட்டுட்டு ஓடினோம்னு சொல்றாங்களாமே?"

"ஊரே சொல்லுதுடா."

"அவர் எங்ககிட்டதானே இருக்கார்!"

சடையாண்டி தலையைத் தூக்கினான். கதவில் நங்கென்று இடித்துக்கொண்டான்.

"என்னடா சொல்றே?"

"சட்டியில. நாங்கதான் எரிச்சோம். சாம்பலைக் கையால அள்ளினோம். தளவாய் குதிரையைத் திருப்பினப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சுப்பா. 'இரணசிங்கம், இரணசிங்கம்'னு கூப்பிட்டார். அந்த ஆள் திரும்பியே பாக்கலை."

இப்போது புரிந்தது. வைத்தியரை ஏன் விடவில்லை என்று. வெளியே கிடப்பவர்கள் காலாட்கள் இல்லை, சாட்சிகள். ஒவ்வொருவராகச் செத்துத் தீரட்டும் என்று ஒருவன் உள்ளே காத்திருக்கிறான்.

"அப்பா."

"சொல்லுடா."

"ஒரு விகடம் சொல்லுங்களேன். இங்க எல்லாரும் கேக்கறாங்க."

"நாளைக்குச் சொல்றேன். புதுசா ஒண்ணு."

* * *

அரசவையில் சடையாண்டி கைகட்டி நின்றான். இரண்டு வாரமாக அந்த மண்டபத்தில் யாரும் சிரித்ததில்லை.

"மகாராஜா அவர்கள் வடக்கு வாசலுக்கு ஒரு நடை எழுந்தருள வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்."

சாமரம் வீசுகிறவளின் கை அப்படியே நின்றது.

தளவாய் இரணசிங்கம் முந்திக்கொண்டார். "விகடகவிக்கு மகன் பாசம். ஓடுகாலியைப் பெற்றவர் வேறென்ன விண்ணப்பிப்பார்? இத்தனை நாள் தங்களைச் சிரிக்க வைத்துச் சாப்பிட்டவர், இப்போது அழ வைத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிறார்."

"மகாராஜா, வெளியே இருப்பவர்களை ஒரே ஒரு முறை தாங்கள் பார்த்தால் போதும். அவர்களிடம்..."

"நிறுத்து!" மகாராஜா எழுந்துவிட்டார். "அந்தக் கதவு திறக்கக் கூடாது. முத்திரையில் ஒரு கீறல் விழுந்தாலும் உன் தலை என்னுடையது. அந்த வாசலை இந்தக் கண்ணால் நான் பார்க்க வர மாட்டேன். எனக்குக் காட்ட அவ்வளவு ஆசையாக இருந்தால் வாசல் என்னிடம் வரட்டும்!"

தளவாய் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்து கொஞ்சம் சிரித்து வைத்தார்கள்.

சடையாண்டி சிரிக்கவில்லை. குனிந்து வணங்கினான். "உத்தரவு, மகாராஜா." பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினான். "ஐயா, எழுதிக்கொள்ளும். வடக்கு வாசல் மகாராஜாவிடம் வர வேண்டியது. கதவு திறக்கலாகாது. முத்திரை கீறலாகாது."

"எழுதும், எழுதும்!" தளவாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. "என் முத்திரையையே அதில் வைக்கிறேன். கூடவே இதையும் எழுதும். நாளை உச்சிப்பொழுதுக்குள் வாசல் வந்து சேராவிட்டால் விகடகவியும் கோட்டைக்கு வெளியே போய் மகனோடு உட்கார வேண்டியது."

மகாராஜா பதில் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். பேசாமல் போனால் சம்மதம்.

* * *

செங்கமலத்துக்கு ஐம்பது வயது. அவள் வேலை வாசலுக்கு எண்ணெய் விடுவது. வாரம் ஒரு முறை கதவு சுழலும் குழியில் விளக்கெண்ணெய் ஊற்றுவாள். அவள் மாமியாரும் அதே வேலைதான் பார்த்தாள்.

"யோவ் விகடகவி, தலையைப் பந்தயம் வச்சுட்டு வந்தியாமே! கோட்டை வாசலைக் கூப்பிட்டா வர்றதுக்கு அதென்ன கன்னுக்குட்டியா?"

"அக்கா, பூட்டு இல்லாம கதவை என்ன பிடிச்சிருக்கு?"

"பூட்டா? ஊரே அப்படித்தான் நினைக்குது. பூட்டு ரெண்டு கதவையும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். கதவைச் சுவரோட பிடிச்சிருக்கறது குடுமி." அவள் எண்ணெய்க் கையால் மேலே காட்டினாள். "கதவோட ஓரக்கட்டை மேலயும் கீழயும் குடுமி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. கீழ்க்குடுமி கல்குழியில உட்கார்ந்திருக்கு. மேல்குடுமியைக் கல் வளையம் பிடிச்சிருக்கு. வளையம் ரெண்டு துண்டு, நடுவுல ஆப்பு. குழியில இருக்கற வெண்கலக் கிண்ணி பன்னெண்டு வருஷத்துல தேஞ்சிடும். அப்ப ஆப்பைத் தட்டி, கதவைத் தூக்கி, கிண்ணி மாத்துவோம். தளவாய்க்கு இதெல்லாம் எங்க தெரியும்? அவர் என்னைக்கு எண்ணெய் விட்டார்?"

சடையாண்டி அவளையே பார்த்தான்.

"எதை வச்சுத் தூக்குவீங்க?"

"யானைதான். ரெண்டு யானை, தேர் வடம், கல் இழுக்கற சட்டம். ஆனா யானையை உனக்கு எவன் தருவான்?"

அவன் மடியிலிருந்து ஓலையை எடுத்தான். அடியில் தளவாயின் முத்திரை பளபளத்தது.

"இவர் தருவார், அக்கா."

* * *

மறுநாள் வெயில் ஏறியதும் யானைகள் வந்தன. யானைக் கொட்டிலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தளவாய் முத்திரைக்கு மேல் என்ன கேள்வி?

வாசல் காவலன்தான் பதறினான். "சாமி, கதவைத் திறந்தா வெட்டணும்னு எனக்கு உத்தரவு!"

"திறந்தா வெட்டு. அதுவரைக்கும் தள்ளி நில்லு, மேலே விழுந்துடப் போவுது."

ஆப்பு கழன்றது. வளையம் பிரிந்தது. வடம் இறுகியது. பூட்டோடு, அரக்கோடு, முத்திரையோடு இரண்டு கதவும் ஒரே பலகையாக மெல்ல மேலே எழும்பிக் குழியிலிருந்து விடுபட்டன. காவலன் கத்தியை உருவினான், யோசித்தான், உறையில் போட்டான். திறந்த மாதிரியும் இல்லை. மூடின மாதிரியும் இல்லை. இதற்கு அவனுக்கு உத்தரவு கிடையாது.

கதவைச் சட்டத்தின் மேல் சாய்த்தார்கள். வடக்கு வெளிச்சம் ஊருக்குள் பாய்ந்தது.

வெளியே அவர்கள் நின்றார்கள். சடையாண்டி ஒவ்வொரு முகமாகத் தேடினான். நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் படுத்திருந்தான்.

மருதனின் தோழன் கரியான் முன்னால் வந்தான்.

"விடியக்காலைலங்கய்யா. கதவிடுக்குல கன்னத்தை வச்சுக்கிட்டே கிடந்தான். 'அப்பா புதுசா ஒண்ணு கொண்டு வருவார், தூங்கிடாதீங்கடா'ன்னு எங்களையெல்லாம் எழுப்பி வச்சான். அப்புறம் அவன்தான் தூங்கிட்டான்."

சடையாண்டி மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கன்னத்தில் கல்தரையின் அச்சு பதிந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துவிட்டான். போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தான். பிறகு அழுகை வந்தது. சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கி, மூச்சே நின்றுவிடுமோ என்று மற்றவர்கள் பயப்படும்படியாக.

செங்கமலம் அவன் தோளைத் தொட்டாள். "நீ போகாதே சடையா. ஓலை இருக்கு, வாசல் இருக்கு. வேற யாராச்சும் கூட்டிட்டுப் போகட்டும்."

"வேற யார் போனாலும் அவர் சிரிக்க மாட்டார், அக்கா. சிரிச்சாத்தான் அந்த மனுஷன் காது திறக்கும். பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும்." முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தான். நின்ற நாற்பது பேரைப் பார்த்தான். "காது திறக்கலைன்னா இவங்களையும் ஓடுகாலின்னு சொல்லிக் கழுவுல ஏத்திடுவாங்க."

எழுந்தான். தலைப்பாகையைக் கோணலாகக் கட்டிக்கொண்டான். அது அவன் தொழில் கோலம்.

"இளவரசர் முன்னால வரட்டும். மருதனைக் கட்டில்ல தூக்கிட்டு வாங்க. கடைசியா வாங்க."

* * *

உச்சிப்பொழுதுக்கு ஒரு நாழிகை முன்பு அரண்மனை முற்றத்தில் ஆரவாரம் கேட்டு மகாராஜா உப்பரிகைக்கு வந்தார். வந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

முற்றத்தின் நடுவே வடக்கு வாசல் நின்றுகொண்டிருந்தது. இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டிருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"மகாராஜா!" சடையாண்டி கீழே விழுந்து வணங்கினான். "உத்தரவுப்படி வாசல் வந்திருக்கிறது. வழியில் இரண்டு முறை களைத்து உட்கார்ந்துவிட்டது. இருநூறு வருஷமாக நின்றே பழக்கம், நடந்து பழக்கமில்லை."

தளவாய் பாய்ந்து வந்தார். "துரோகம்! முத்திரையை உடைத்துவிட்டான்!"

"பார்த்துச் சொல்லுங்கள், தளவாய் அவர்களே."

தளவாய் அரக்கைத் தடவினார். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். கீறல் இல்லை. பின்பக்கம் ஏதோ சூது இருக்கும் என்று கதவைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடினார்.

"ஐயையோ!" சடையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "மகாராஜா, மோசம் போனோம்! தளவாய் கோட்டைக்கு வெளியே போய்விட்டார்!"

"என்ன உளறுகிறாய்?"

"கதவுக்கு இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே. கதவோ பூட்டியிருக்கிறது. தம் முத்திரையைத் தாமே உடைக்காமல் இனி எப்படி அவர் உள்ளே வருவார்? பாவம், மதில் மேலிருந்து சோறு இறக்கச் சொல்லட்டுமா?"

அப்போது கதவிடுக்கில் தளவாயின் மீசை தெரிந்தது. "ஏய்! வழி விடு!" என்றது மீசை. அங்கே நின்ற நாற்பது பேரைக் கண்டதில், சுற்றி வந்தால் வந்துவிடலாம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிருந்தது. நிஜமாகவே கதவைத் தட்டினார்.

மகாராஜாவின் உதடு துடித்தது. அடக்கினார். முடியவில்லை. இரண்டு வாரத்துச் சிரிப்பு மொத்தமாகக் கிளம்ப, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, உப்பரிகையே அதிரச் சிரித்தார். முற்றமே சிரித்தது.

சடையாண்டி காத்திருந்தான். சிரிப்பு இறங்கும் அந்த ஒரு நொடிக்காக.

"மகாராஜா, சுற்றி வரலாம்தான். வடக்கே போனவர் சுற்றி வருவது அவருக்குப் புதிதில்லையே. போன முறையும் கிழக்கு வாசல் வழியாகத்தானே வந்தார்?"

சிரிப்பு நின்றது.

"அந்தப் பக்கம் இன்னும் சிலர் நிற்கிறார்கள். தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, முன்னால் வர வேண்டியவரை முன்னால் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்."

கரியான் கதவைச் சுற்றி வந்தான். தலையில் வாய் கட்டிய மண்சட்டி.

மகாராஜா எப்படிப் படியிறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்தார். கரியான் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். இளவரசர் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும் சொன்னான். யாருடைய நாக்கும் வெட்டப்படவில்லை.

தளவாயை அழைத்தபோது அவர் கதவின் அந்தப் பக்கமே மண்டியிட்டுக் கிடந்தார்.

"வந்த வாசல் வழியாகவே போய்விடு," என்றார் மகாராஜா, அவர் முகத்தைப் பார்க்காமல். "உன்னைக் கொன்றால் இங்கேயே எரிக்க வேண்டியிருக்கும். இந்த மண்ணில் உன் சாம்பல் வேண்டாம்."

பிறகு தலை நிமிர்ந்தார். "சடையாண்டி, என் மகனை என்னிடம் கொண்டு வந்தாய். என்னைச் சிரிக்கவும் வைத்தாய். என்ன வேண்டுமோ கேள். ஊர் வேண்டுமா, நிலம் வேண்டுமா..." அவர் கண் கட்டிலின் மேல் விழுந்தது. "அதோ ஒருவன் படுத்திருக்கிறானே! யாரங்கே, வைத்தியரைக் கூப்பிடு!"

"வைத்தியர் வேண்டாம், மகாராஜா. அது என் மகன்."

"எப்போது?"

"விடியற்காலையில்."

மகாராஜா அவன் கோணல் தலைப்பாகையைப் பார்த்தார். "அப்படியென்றால் நீ... இவ்வளவு நேரம்..."

"தாங்கள் சிரித்தாக வேண்டியிருந்தது."

முற்றத்தில் யானைகள் மட்டும்தான் அசைந்தன.

"ஒரே ஒரு பரிசு கேட்கிறேன், மகாராஜா. என் மகன் இன்னும் ஊருக்குள் வரவில்லை. கதவில்லாத ஓட்டை வழியாகத் தூக்கி வந்துவிட்டேன். அது வந்த கணக்கில் சேராது. கதவை மறுபடி மாட்ட வேண்டும். அவனை வெளியே வைக்க வேண்டும். முறைப்படி திறக்க வேண்டும்."

அன்று மாலைக்குள் கதவு குடுமியில் உட்கார்ந்தது. செங்கமலம் புது எண்ணெய் விட்டாள். எந்த வாசலைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றாரோ அந்த வாசலுக்கு மகாராஜா நடந்தே போனார். முத்திரையைத் தன் கையால் உடைத்தார். தாழ் நீக்கினார். சங்கு முழங்கியது. இரண்டு கதவும் அகலத் திறந்தன. முன்னால் மண்சட்டி வந்தது; பக்கத்திலேயே கட்டில் வந்தது; பின்னால் நாற்பது பேர் வந்தார்கள். எந்த வீட்டுக் கதவும் அன்று மூடியிருக்கவில்லை.

* * *

ஆற்றங்கரையில் இரண்டு காரியமும் முடிந்து, எல்லோரும் குளித்துவிட்டுப் போன பிறகும் படித்துறையில் இரண்டு பேர் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏதாவது சொல்லேன்டா," என்றார் மகாராஜா.

சடையாண்டி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தலையை ஆட்டினான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் ஒன்றும் இல்லை.

மகாராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறை நிறுத்தினார்.

"சரி, நான் ஒன்று சொல்கிறேன். உன் மகன் என் மகனுக்குப் பின்னால் பதினேழு நாள் தாமதமாகப் போனானே, ஏன் தெரியுமா?"

"தெரியாது, மகாராஜா."

"என் பிள்ளை கார்வண்ணன் பரம சோம்பேறி. படுத்தால் எழுந்திருக்கவே மாட்டான். அங்கே போயும் அவன் கண் விழிக்கப் பதினேழு நாள் ஆகும் என்று உன் மகனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்து என்ன செய்வான்? அதனால்தான்..."

குரல் அங்கேயே உடைந்துவிட்டது.

சடையாண்டி ஆற்றைப் பார்த்தபடி இருந்தான். "விகடம் சுமார்தான், மகாராஜா," என்றான்.

பிறகு சிரித்தான். ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விக்கி விக்கிச் சிரித்தான். மகாராஜா அவன் முதுகில் கை வைத்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

அப்படியாக, அந்த நாட்டில் ராஜா விகடம் சொல்லி விகடகவி சிரித்தது அந்த ஒரு நாள்தான். யாரும் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. இருட்டுகிறது என்று செங்கமலம் வந்து கூப்பிட்ட பிறகுதான் இருவரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.